ஓடினால் ஜில், நின்றால் சூடு: கார் ஏசி கேள்வி-பதில்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: வண்டி ஓடும்போது ஏசி நன்றாக இருக்கிறது, நின்றால் போய்விடுகிறது. அதனால் இந்த முறை அதையே எடுத்துக்கொண்டேன். வேறு சிலவும் இடையில் வரும்.

கேள்வி: ஏழு வருஷ ஹேட்ச்பேக். ஈசிஆரில் போகும்போது குளிர் நடுக்குகிறது. ஊருக்குள் வந்து லாரன்ஸ் ரோட்டு நெரிசலில் மாட்டினால் ஐந்தே நிமிடத்தில் வெறும் காற்று. கேஸ் குறைவு என்று சொல்லி ஒரு கடையில் இரண்டு முறை ஏற்றினார்கள். இரண்டாம் முறைக்குப் பிறகு இன்னும் மோசம். (மஞ்சக்குப்பம்)

பதில்: கேஸ் குறைந்திருந்தால் ஏற்றியதும் தேறியிருக்க வேண்டும். மோசமாகியிருக்கிறது என்றால் உங்கள் வண்டிக்குத் தேவை கேஸ் அல்ல, காற்று.

ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் மெல்லிய அலுமினிய வலைதான் கண்டென்சர். காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டை கேஸ் அங்கேதான் இறக்கிவைக்கிறது. அறுபதில் போகும்போது எதிர்க்காற்றே அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஃபேன் செத்துக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நின்றுவிட்டால் ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. அது சுற்றவில்லை அல்லது வலுவில்லாமல் சுற்றுகிறது என்றால் சூடு இறங்காது, ஹை சைடு பிரஷர் (கம்ப்ரசர் கேஸை அமுக்கிக் கண்டென்சருக்குத் தள்ளும் பக்கத்தின் அழுத்தம்) ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும். நீங்கள் சொல்லும் வெறும் காற்று அப்போது வருவது.

வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது சொல்லிவிட்டுச் சுற்றாது. கம்ப்ரசர் 'டக்' என்று பிடித்த கையோடு ஃபேனும் கிளம்ப வேண்டும். சில மாடல்களில் பிரஷர் கொஞ்சம் ஏறிய பிறகு கிளம்பும். கிளம்பவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஃபேனுக்கு இரண்டு வேகம் உள்ள வண்டிகள் பலவற்றில் மெதுவான வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வரும். அது எரிந்துபோனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு வேகமாக மட்டும் சுற்றும்; அதுவரை உள்ளே இருப்பவர் வேர்க்க வேண்டியதுதான். இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் ஒன்று நின்றுபோயிருந்தால் மற்றதன் சத்தத்தில் அது கவனத்துக்கே வராது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் என்று தண்ணீரில் நின்ற வண்டியா? அப்படியானால் என் முதல் சந்தேகம் ஃபேன் மோட்டார் மேல்தான். அது தாழ்வான இடத்தில் இருப்பது. உள்ளே துரு பிடித்து, மெள்ள மெள்ளத்தான் சாகும்.

செலவில்லாத சோதனை ஒன்று. கூலிங் போன அந்த நிமிடத்தில் முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் அரை பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் உள்ளே ஜில்லென்று வந்தால் கம்ப்ரசர் மேல் பழி இல்லை, சூடு இறங்காததுதான் குறை. தண்ணீரும் வேண்டாம் என்றால் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்த பிறகு தேவனாம்பட்டினம் போய், வண்டியின் மூக்கைக் கடலைப் பார்த்து பத்து நிமிடம் நிறுத்துங்கள். பிறகு திருப்பி, முதுகைக் காட்டி பத்து நிமிடம். முதலில் ஜில், அடுத்தது சூடு என்றால் வங்கக் கடல்தான் இத்தனை நேரம் உங்கள் ஃபேன் வேலையைப் பார்த்திருக்கிறது.

இனி அந்தக் கேஸ் விஷயம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தது என்றால் எங்கோ லீக். உங்கள் வண்டிக்கு எத்தனை கிராம் என்று பானெட் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம். இவ்வளவு குறைந்த அளவில் நூறு கிராம் கூடினாலே கண்டென்சரின் கீழ்ப்பகுதியில் திரவம் தேங்கி, சூடு இறங்க வேண்டிய இடம் சுருங்கிவிடும். நின்றால் பிரஷர் முன்னைவிட ஏறும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். முதலில் ஃபேனைச் சரிசெய்யுங்கள். பிறகு இருப்பதை மெஷினில் முழுவதும் இறக்கி, அரை மணி நேரமாவது வேக்யூம் போட்டு (குழாய்க்குள் மிஞ்சிய காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். பிரஷர் கேஜ் முள்ளைப் பார்த்து உத்தேசமாக ஏற்றும் பழக்கம் எனக்கும் இருந்தது. தராசு வாங்கிய பிறகுதான் விட்டேன்.

கேள்வி: வீடு கடற்கரையை ஒட்டி. மூன்றே வருஷத்தில் கண்டென்சர் தகடுகள் பொடிப்பொடியாக உதிர்கின்றன. மட்டமான பொருளைப் போட்டுவிட்டார்களா? (குருசுக்குப்பம், புதுச்சேரி)

பதில்: பொருளைக் குறை சொல்வதற்கு முன் உப்புக் காற்றைச் சொல்லுங்கள். பண்ருட்டி வண்டியில் அடைப்பது புழுதி. அது கழுவினால் போய்விடும். உங்கள் பக்கம் உப்பு அலுமினியத்தையே தின்கிறது. தகடு உதிர்ந்த இடத்தில் குழாய் மட்டும் மிஞ்சும், சூட்டைக் காற்றுக்குக் கொடுக்க ஆள் இருக்காது. ஓடும்போது அது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை எஞ்சின் ஆறிய பிறகு சாதாரணத் தோட்டத்து ஹோஸில் முன்பக்கத்தை நனைத்து உப்பை இறக்குங்கள். வாட்டர் வாஷில் இருக்கும் அழுத்தத் துப்பாக்கியைக் கண்டென்சர் பக்கம் காட்ட விடாதீர்கள். தகடு மடங்கிப் படுத்துவிட்டால் அடைத்த மாதிரிதான். ஆசிட் கலந்த கிளீனரும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை ரேடியேட்டரின் மேல் பிடிப்புகளைக் கழற்றி, கண்டென்சருக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். வேப்பஞ்சருகு, பூச்சி இறக்கை, பாலிதீன் துண்டு எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். முன்னால் இருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும் கண்டென்சருக்குப் பின்னால் மெத்தை மாதிரி அடைந்திருப்பதை எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

இரவில் நிறுத்தும்போது மூக்கு கடலைப் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன கடற்காற்று வித்தை சோதனைக்கு மட்டும்.

கேள்வி: முன்பக்கம் இடித்து பம்பர், கண்டென்சர், ஃபேன் மோட்டார் எல்லாம் புதிதாக மாற்றினோம். ஃபேன் நன்றாக வேகமாகச் சுற்றுகிறது. ஆனாலும் மரப்பாலம் சிக்னலில் நின்றால் கூலிங் இல்லை. (வில்லியனூர்)

பதில்: சுற்றுகிறது, சரி. காற்று எந்தப் பக்கம் போகிறது?

மோட்டாரின் இரண்டு ஒயரும் இடம் மாறிவிட்டால் ஃபேன் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் சுற்றும். எஞ்சின் சூட்டை இழுத்து முன்னால் தள்ளும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தினசரித் தாளின் பக்கத்தைக் கிரில் முன்னால் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் முகத்தை நோக்கிப் பறந்தால் ஒயரை மாற்றச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானே ஒரு வண்டியில் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கம்ப்ரசரைச் சந்தேகப்பட்டேன்.

தாள் ஒட்டிக்கொள்கிறதா? அப்படியானால் ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடும், ரேடியேட்டர் ஓரங்களில் உள்ள ஃபோம், ரப்பர் பட்டைகளும் திரும்ப வந்தனவா பாருங்கள். இடித்த வண்டியைக் கழற்றும்போது கிழிகிற முதல் பொருள் அவை. 'அது இல்லாமலும் ஓடும்' என்று விட்டுவிடுவார்கள். ஓடும். ஆனால் நின்ற இடத்தில், பின்னால் போன சூட்டுக் காற்று அந்த ஓர இடைவெளி வழியாக முன்னால் வந்து, மறுபடி கண்டென்சருக்குள்ளேயே நுழையும்.

கேள்வி: ஐயா, நான் வேலை கற்றுக்கொண்டிருப்பவன். பழைய செடான். கேஜ் மாட்டினால் நின்ற நிலையில் லோ 60, ஹை 150. ரேஸ் கொடுத்தால் கூலிங் வருகிறது. கேஸ் ஏற்றலாமா? (கடலூர் முதுநகர்)

பதில்: ஏற்றாதே தம்பி. ஆர்-134ஏ கேஸ் போட்ட வண்டியில், வெளியே 35 டிகிரி வெயிலில், நின்ற நிலையில் லோ சைடு (கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பி வரும் பக்கம்) 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடு 200 முதல் 250 வரை இருந்தால் சாதாரணம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் ஃபேன், கண்டென்சர், அல்லது அதிக கேஸ். உன் வண்டியில் லோ ஏறியும் ஹை இறங்கியும், இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கி வருகின்றன. கம்ப்ரசரின் அமுக்கும் வலு குறைந்துவிட்டது என்று அர்த்தம். ரேஸ் கொடுத்தால் சுற்று கூடுவதால் ஒப்பேற்றுகிறது.

ஆனால் கம்ப்ரசர் போயிற்று என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் முன் இரண்டைப் பார். பெல்ட் தொய்ந்திருக்கிறதா? கம்ப்ரசர் கிளட்ச் வழுக்குகிறதா? கிளட்ச் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இடைவெளி இருக்கும். தேய்ந்து அகன்றால் கிளட்ச் காயில் சூடான பிறகு பிடிக்காது. அமுக்கும் அளவைத் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வேரியபிள் வகை கம்ப்ரசர் என்றால் கன்ட்ரோல் வால்வு மட்டும் கெட்டிருக்கலாம், அது தனியாகக் கிடைக்கும். இன்னொன்று: வண்டி நின்று, ஏசி ஓடாமல், எல்லாம் ஒரே சூட்டில் இருக்கும்போது இரண்டு முள்ளும் அன்றைய வெயிலுக்கு ஏற்ற இடத்தில் வந்து நிற்கும், 35 டிகிரிக்கு ஏறக்குறைய 114 பிஎஸ்ஐ. உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே அந்த எண் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு 'கேஸ் ஃபுல்' என்று சொல்லாதே.

கேள்வி: டாக்ஸி ஓட்டுகிறேன். நின்ற இடத்தில் ஏசி போட்டால் வண்டி உதறுகிறது, ஹெட்லைட் மங்குகிறது, கூலிங்கும் போகிறது. (பண்ருட்டி)

பதில்: ஏசி போட்டதும் எஞ்சின் தானாகச் சுற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்களுடையது கூட்டவில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் வாயான த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். லைட் மங்குவதால் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும். லைட், ஏசி, ப்ளோயர் எல்லாம் போட்டு பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஃபேன் சோம்பும், கிளட்ச்சும் விடும்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. சிக்னலில் நன்றாக இருக்கிறது. சிதம்பரம் வரை ஒரு மணி நேரம் ஓட்டினால் காற்றே வருவதில்லை. டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடுகிறது. (நெல்லிக்குப்பம்)

பதில்: கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. நீங்கள் டீ குடிக்கும் நேரத்தில் அது உருகி, வண்டிக்கு அடியில் குளமாக நிற்கும், பாருங்கள். கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். அப்படியும் தொடர்ந்தால், காயில் சூட்டைப் பார்த்து கம்ப்ரசரை நிறுத்தும் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உள்காற்று பட்டன், வெளிக்காற்று பட்டன், எது நல்லது? (லாஸ்பேட்டை)

பதில்: நெரிசலில் உள்காற்று. வெளிக்காற்று வரும் வழி கண்ணாடிக்குக் கீழே, பானெட்டை ஒட்டி இருக்கிறது. நின்ற வண்டியில் எஞ்சின் சூடு நேராக அதற்குள் போகும். நெடுந்தூரம் போகும்போது கொஞ்ச நேரம் வெளிக்காற்று விடுங்கள், தூக்கம் வராது.

கேள்வி: ஆஸ்பத்திரி வாசலில் இரவெல்லாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுத் தூங்கலாமா? (கோரிமேடு)

பதில்: கூடாது. சைலன்ஸர் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் விழிக்க மாட்டார். சுவர் ஓரம், மூடிய ஷெட் என்றால் இன்னும் ஆபத்து. எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கொசு கடித்தாலும் பரவாயில்லை என்று படுங்கள்.

கேள்வி: எத்தனை டிகிரி வந்தால் நல்ல ஏசி? (ஆல்பேட்டை)

பதில்: சமையலறை தெர்மாமீட்டர் ஒன்றை நடு வென்ட்டில் செருகுங்கள். உள்காற்று, முழுக் குளிர். ஓடும்போது 6 முதல் 9 வந்தால் அருமை. நம் ஊர்ப் புழுக்கத்தில் நின்ற நிலையில் 12, 13 என்று காட்டினால் அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு ஈரத்தைத் தண்ணீராக்கிக் கீழே சொட்டவே போய்விடுகிறது. அதே வெயிலில் கோவையில் இதே வண்டி இன்னும் நன்றாகக் குளிரும். 18, 20 என்று ஏறினால் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் காலையில் வேண்டாம். காலை எட்டு மணிக்கு இந்தக் கோளாறு வெளியே தெரியாது, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மதியம் இரண்டு மணிக்குப் போங்கள், எஞ்சினை அணைக்காமல்.