வரலட்சுமி நோன்பு ஒரு வருஷம் ஆடியில், இன்னொரு வருஷம் ஆவணியில் வருவது ஏன்?

வரம் தரும் லட்சுமியைக் கலசத்தில் வைத்துப் பெண்கள் வீட்டிலேயே கும்பிட்டு, வலது மணிக்கட்டில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் நாள் இது. ஆடி, ஆவணி எல்லாம் சூரியனை வைத்துப் பிறக்கும் மாதங்கள். நோன்போ நிலாக் கணக்கு. சிராவணம் என்ற நிலா மாதத்தின் பௌர்ணமிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. 'கல்யாணத்துக்கு முந்தின வெள்ளி பந்தக்கால்' என்று பேசிவைத்தால், முகூர்த்தம் தள்ளிப்போகும்போது பந்தக்காலும் தள்ளிப்போகும் இல்லையா, அது மாதிரி. 2023-இல் ஆகஸ்ட் 25, அதாவது ஆவணி. 2025-இல் ஆகஸ்ட் 8, ஆடி. எங்கள் மதுரையில் காலண்டரே வேண்டாம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முந்தின நாளே மல்லி விலை எகிறிவிடும். அப்புறம், கலசத்தில் வைக்க வெள்ளியில் செய்த அம்மன் முகம் இருந்தால்தான் நோன்பு என்று பலர் நினைக்கிறார்கள். தேங்காயில் மஞ்சள் பூசி, மையால் கண் எழுதினாலும் அம்மன்தான்.