பிரசவத்துக்கு முன்பே சமைத்து ஃப்ரீசரில் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு எட்டாவது மாதம். பெங்களூரில் நானும் கணவரும் மட்டும்தான். முட்டி ஆபரேஷன் ஆகியிருப்பதால் அம்மாவால் வர முடியாது. மாமியார் 15 நாள் வந்து இருப்பார். அதற்கப்புறம் சமாளிக்க, இப்போதே குழம்பு வகைகள் செய்தும், கேக், பிஸ்கட் பேக் செய்தும் ஃப்ரீசரில் வைக்க ஆசை. “பிள்ளை பெற்றவள் பழசு சாப்பிட்டால் பால் கெட்டுப்போகும், குழந்தைக்குச் சளி பிடிக்கும்” என்கிறார் மாமியார். என்ன செய்வது?
— வாசகி, பெங்களூரு

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். ஃப்ரீசரில் இருந்ததை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டால் பால் கெடாது. சளி கிருமியால் வருவது. நீங்கள் சாப்பிட்ட குழம்பு எங்கே இருந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மாமியாரின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இல்லாத நாளில் மத்தியானம் வைத்த குழம்பு ராத்திரிக்குள் ஊசிப்போகும். பிரசவமான உடம்பு வயிற்றுப்போக்கைத் தாங்காது. அதனால்தான் அந்தக் கட்டுப்பாடு. அவரிடம் வாதாடுவதைவிட, பிள்ளை பெற்றவர்களுக்குச் சாதத்தில் பிசைந்து கொடுக்கும் அங்காயப் பொடியும் பருப்புப் பொடியும் இடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மாதக்கணக்கில் வெளியிலேயே இருக்கும், அவருக்கும் திருப்தி.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களைத் தடுப்பேன். சனி, ஞாயிறு முழுக்க அடுப்படியில் நின்று டப்பா டப்பாவாக நிரப்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். எட்டாம் மாதத்துக் கால் அதற்குத் தோதுப்படாது. வழக்கமாகச் சமைக்கும்போதே இரண்டு மடங்காகச் செய்து பாதியை எடுத்து வையுங்கள், போதும்.

முழுச் சாப்பாட்டையும் உறைய வைக்கவும் வேண்டாம். ரசமும் சாதமும் அரை மணி நேர வேலை, அதை உங்கள் கணவர் செய்யட்டும். கையொடியும் வேலை எதுவோ, அதை மட்டும் இப்போதே முடித்து வையுங்கள். பூண்டுக் குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் உரிப்பதற்குள் குழந்தை இரண்டு தடவை அழுதுவிடும். அதனால் உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளியும் பொடியும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து தொக்குப் பதம் வரும்வரை சுண்ட வையுங்கள். ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு கவர் என்று போட்டு, தட்டையாக அழுத்தி அடுக்குங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். வேண்டியபோது தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் குழம்பு தயார். வேகவைத்த பருப்பு, தேங்காய்த் துருவல் இரண்டும் இப்படியே இருக்கும். உருளைக்கிழங்கு போட்டவை, மோர்க்குழம்பு, அவித்த முட்டை வேண்டாம். கிழங்கு சொதசொதத்துவிடும், மோர் திரிந்துவிடும், முட்டை ரப்பராகிவிடும்.

இட்லி மிக நன்றாக உறையும், பலருக்கு இது தெரிவதில்லை. ஆறிய இட்லிகளை ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லானதும் கவரில் கொட்டிக்கொள்ளலாம். வேண்டிய நாலை மட்டும் எடுத்து, உறைந்தபடியே இட்லிப் பானையில் 10 நிமிஷம் ஆவி காட்டினால் மெத்தென்று வந்துவிடும்.

கேக் ஆசையை விட்டுவிடாதீர்கள். பால் கொடுக்கும் முதல் 6 மாதம் தினமும் கூடுதலாக 600 கலோரி வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்). ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்து முடிக்கும்போது வருகிற பசி லேசுப்பட்டதல்ல. கோதுமை மாவும் வாழைப்பழமும் சேர்த்த கேக்கைத் துண்டு போட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். படுக்கப் போகுமுன் ஒரு துண்டை வெளியே எடுத்து வைத்தால் அந்நேரத்துக்கு மெதுவாகியிருக்கும், ஒரு கையாலேயே சாப்பிடலாம். பிஸ்கட்டைச் சுடாமல் மாவாகவே உருட்டி உறைய வைத்தால், வேண்டியபோது வெட்டிச் சுட்டுக்கொள்ளலாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் கேக், பிரசவ லேகியம் இரண்டையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சுத்தத்தில் மட்டும் கறாராக இருங்கள். சமைத்ததை அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். குழம்பு, பருப்பு வகைகளை முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விடுங்கள், அடுக்களை மேடையில் அல்ல. குழம்பு தளதளவென்று கொதிக்க வேண்டும், மீந்ததைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. ருசி 2, 3 மாதம் வரை நிற்கும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் 2 நாள், பாதி நிறைந்தது 1 நாள் வரை தாங்கும்.

அப்புறம், ஒவ்வொரு கவரிலும் பெயர், தேதியோடு “2 டம்ளர் தண்ணீர், 5 நிமிஷம் கொதி” என்று எழுதி ஒட்டுங்கள். அதைப் படித்து உங்கள் கணவர் இந்த வாரமே ஒரு வேளை தனியாகச் சமைத்துப் பரிமாறட்டும். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து, அதையும் கவரில் எழுதிவிடுங்கள்.