பழைய ஃபிளாப்பி மட்டும் படிக்கவில்லை

கேள்வி: புதிய 3.5 அங்குல டிஸ்குகளை என் டிரைவ் படிக்கிறது. 1990களில் எழுதியவற்றைப் போட்டால் பிழை காட்டுகிறது. டிரைவ் கெட்டுவிட்டதா?

பதில்: முதலில், ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒரு டிஸ்கின் பூஞ்சையும் உதிர்ந்த காந்தப் பூச்சும் ஹெட்டில் (டிஸ்கைத் தொட்டுப் படிக்கும் முனை) ஒட்டி, அடுத்த டிஸ்கையும் கீறிவிடும். ஷட்டரை (டிஸ்கின் நகரும் மூடி) தள்ளி, நடு உலோக வட்டைச் சுழற்றிப் பாருங்கள். வெண்புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அதைச் சுத்தம் செய்யாமல் போடக்கூடாது. வளையமாகக் கீறல் இருந்தால் அந்தத் தடத்திலுள்ள (தரவு எழுதப்படும் வட்டப் பாதை) தரவு பெரும்பாலும் போனதுதான்.

அடுத்து, மின்இணைப்பை எடுத்துவிட்டு டிரைவின் மூடியைக் கழற்றி, 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இரு ஹெட்டுகளையும் துடையுங்கள். மேல் ஹெட் மெல்லிய தகட்டில் நிற்கிறது. அதிகம் தூக்கினால் வளைந்துவிடும், பிறகு டிரைவே வீண். நன்றாக உலர்ந்த பிறகே, எழுதுதடுப்புத் துளையைத் திறந்துவைத்த டிஸ்கைப் போடுங்கள்.

அப்படியும் படிக்காவிட்டால் ஹெட் தடம் விலகியிருக்கலாம். உங்கள் டிரைவிலோ, அன்று எழுதிய டிரைவிலோ. தான் எழுதியதை மட்டும் டிரைவ் படிப்பது இதன் அடையாளம். திருகுகளைத் தொடாதீர்கள், வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். உங்களுடையது யூஎஸ்பி டிரைவா? 720 கேபி கொள்ளளவுள்ள பழைய வகை டிஸ்குகளைப் படிக்காத யூஎஸ்பி டிரைவுகளும் உண்டு.