சேவல் இல்லாத கொட்டகையில் முட்டை எப்படி?

கேள்வி: நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் சேவலே கிடையாதாமே. ஊசி போட்டுத்தான் கோழியை முட்டையிட வைக்கிறார்களா? (வாசகி, விருதுநகர்)

சேவலும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். குஞ்சு வேண்டுமானால்தான் சேவல். பெட்டைக்கு 18-20 வாரம் ஆனால் தானாகவே முட்டையிடத் தொடங்கும். ஊசி போட்டதைப் பார்த்திருந்தால், அது வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பூசியாகத்தான் இருக்கும்.

மஞ்சள் கரு சூலகத்திலிருந்து கழன்று முட்டைக் குழாயில் விழுந்ததும், சுமார் மூன்று மணி நேரத்தில் வெள்ளைக் கரு அதைச் சுற்றிக்கொள்ளும். அடுத்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, இரண்டு சவ்வுகள் படியும். ஓடு கட்டத்தான் நேரம் பிடிக்கும்: 20 மணி நேரம். ஆக, ஒரு முட்டைக்கு 24 முதல் 26 மணி நேரம். எந்த மருந்தைக் கொடுத்தாலும் தினம் இரண்டு முட்டை வாங்க முடியாது.

பண்ணையில் செய்வதெல்லாம் பகலோடு பல்பு வெளிச்சத்தையும் சேர்த்து 16 மணி நேரம் கொடுப்பதும், தீவனத்தில் கால்சியத்தை 4 சதவீதத்தை ஒட்டி வைப்பதும்தான். ஓர் ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் போய்விடுகிறது. தீவனத்தில் குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். அதுவும் போதாதபோது தோல் முட்டை விழும். ஓடே இல்லாமல், சவ்வு மட்டும் மூடிய முட்டை, விரலால் அழுத்தினால் குழியும்.

கேள்வி: மஞ்சள் கருவில் ரத்தப் பொட்டு இருந்தது. குஞ்சு உருவாகிவிட்டதா? (வாசகர், தேனி)

இல்லை. மஞ்சள் கரு கழலும்போது சூலகத்தில் நுண்ணிய ரத்தக் குழாய் அறுந்தால் அப்படி ஒட்டிக்கொள்ளும். கரண்டி முனையால் எடுத்துவிட்டு நன்றாக வேகவையுங்கள். மஞ்சள் கருவின் இரு பக்கமும் தெரியும் வெள்ளைத் திரியும் குஞ்சு அல்ல. கருவை நடுவில் நிறுத்தும் கயிறு. முட்டை புதிதாக இருந்தால் அது தடிப்பாகவே தெரியும்.

கேள்வி: பழுப்பு முட்டை என்றால் நாட்டுக்கோழி முட்டைதானே? எலுமிச்சைச் சாறு தேய்த்தால் சாயம் போகிறதே! (வாசகி, மதுரை)

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் பண்ணை இனங்களும் உண்டு. தேயிலைச் சாயம் ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள்தான், ஆனால் எலுமிச்சைச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. நிறமி ஓட்டின் மேற்புறத்தில் கடைசியாகப் படிவதால், அசல் பழுப்பு முட்டையிலும் புளிப்புப் பட்டால் நிறம் கரைந்து வரும். மஞ்சள் கருவின் அடர்நிறத்தையும் நம்பாதீர்கள். தீவனத்தில் மக்காச்சோளமோ செண்டுமல்லிப்பூப் பொடியோ கூடினாலே அது வந்துவிடும். எடையைப் பாருங்கள். நாட்டு முட்டை பெரும்பாலும் 40 கிராமைச் சுற்றியே இருக்கும், பண்ணை முட்டை 50-ஐத் தாண்டும்.