வாழையை வாட்டும் பூஞ்சையும் வெள்ளி நானோ துகளும்

கேள்வி: வாழையில் வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சையைக் கொண்டே வெள்ளி நானோ துகள்களைத் தயாரிக்கலாம் என்று பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். உண்மையா? அதைத் தோட்டத்தில் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், களக்காடு

பதில்: உங்கள் மகள் சொல்வது சரிதான். பியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பூஞ்சையினத்தின் ஒரு வகையே வாழையைத் தாக்குகிறது. அந்த இனம் வெள்ளி அயனிகளை (நீரில் கரைந்துள்ள, மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்களை) தன் செல்லுக்கு வெளியிலேயே நானோ துகள்களாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களாக, ஆக்குவதைப் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 2003இல் வெளியிட்டனர். செல்லுக்கு வெளியில் என்பதே இதில் முக்கியம்; உள்ளே உருவானால் செல்லை உடைத்துத்தான் துகளைப் பிரிக்க வேண்டும்.

வளர்த்த பூஞ்சையை நன்கு கழுவி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்நீரில் லிட்டருக்குச் சுமார் 0.17 கிராம் வெள்ளி நைட்ரேட்டைக் கலந்து இருட்டில் வைத்தால், பூஞ்சை வெளிவிட்ட நொதிகளும் பிற சேர்மங்களும் வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக ஒடுக்க, நீர் பழுப்பு நிறமடைகிறது. புரதங்கள் துகள்களின் மேல் படிந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் காக்கின்றன. குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாது. தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும், அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெண்படிவாக்கிவிடும். நிற மாற்றத்தை மட்டும் நம்பாமல், வெள்ளி நானோ துகளின் அடையாளமாக 420 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் ஒளி உறிஞ்சப்படுவதையும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகளின் அளவையும் பார்ப்பார்கள்.

தோட்டத்தில் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆய்வகத் தட்டில் பல பூஞ்சைகளை அடக்கும் வெள்ளி, மண்ணிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களையும் விட்டுவைக்காது. மேலும், சரியாக வடிகட்டாத நீரில் நோய்ப்பூஞ்சையின் வித்துகளும் இருக்கக்கூடும்.