படிப்பு, வருமானத்தைக் கணக்கில் எடுத்தும் கறுப்பின, வெள்ளையினத் தாய்மாருக்கு இடையிலான குறைப்பிரசவ இடைவெளி போகவில்லையா?

மிச்சத்தை மரபணு என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்கத் தரவில் படிப்பு, வருமானத்தைச் சரிக்கட்டிய பிறகும் கறுப்பினத் தாய்மாருக்குக் குறைப்பிரசவம் அதிகமாகவே தெரிகிறது என்கிறீர்கள். அது உங்கள் கணக்குப் பிழையில்லை, பலரும் கண்டதுதான்.

காரணமாக இருக்கலாம் என்று பெரிதும் கருதப்படுவது, ஆண்டுக்கணக்கில் சுமந்த இனப் பாகுபாடு. ஓயாத மன அழுத்தம் ரத்த அழுத்தத்தையும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலின் சுரப்பையும் கெடுக்கிறது. இது கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குவதால் ஒன்பது மாதத்தை மட்டும் பார்த்தால் பிடிபடாது.

தாய் பிறந்த நாட்டைத் தனி மாறியாக, அதாவது கணக்கில் தனிக் காரணியாக, சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்து 1997இல் வந்த ஆய்வில், ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளுடைய பிறப்பு எடை, அமெரிக்க வெள்ளையர் குழந்தைகளின் எடையை ஒட்டியே இருந்தது. மரபணு வாதம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஆனால் ஒன்று: குடியேறுபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள். அந்தச் சாய்வைச் சொல்லாமல் விட்டால் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.