எதிர்க்கேள்வி கேட்காதவனோடு எப்படிப் படிப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூத மதக் கல்விக்கூடங்களில் சிலர் ஆயுள் முழுக்க, யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூத்தையே படிப்பதாக எழுதியிருந்தீர்கள். அதிலேயே கிடந்தால் புதிதாக என்ன கிடைத்துவிடும்? மனப்பாடமும் பக்தியும்தானே?

கே.

அன்புள்ள கே.,

பக்தி உண்டு. ஆனால் தல்மூத் படிக்க உட்காருபவரின் வேலை தலையாட்டுவது அல்ல, மடக்குவது. 1880களில் வில்னாவில் அச்சான பதிப்பில் ஒரு பக்கத்தைப் பாருங்கள். நடுவில் மூலம். ஒரு ஓரத்தில் ராஷியின் உரை. பிரான்ஸில் த்ருவா ஊர்க்காரர், 1105-இல் காலமானவர். மறு ஓரத்தில் பின்வந்தவர்கள் எழுதிய தோசஃபோத் என்ற குறிப்புகள். அதில் ராஷியின் பேரன் ரப்பேனு தாம், தாத்தா சொன்னதைப் பல இடங்களில் கூசாமல் மறுக்கிறார். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகி நிற்கின்றன. ராஷியும் லேசுப்பட்டவர் அல்ல. ஆதியாகம உரையில் ஓரிடத்தில், இது நமக்கு என்ன கற்பிக்கிறதென்று தனக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு நகர்கிறார். சும்மா தாண்டிப் போயிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

படிப்பதும் இரண்டிரண்டு பேராகத்தான், வாய்விட்டு, வாதாடிக்கொண்டு. அந்த ஜோடிக்கு ஹவ்ருதா என்று பெயர். தல்மூத்திலேயே இதற்கு ஒரு கதை உண்டு. ரேஷ் லாகிஷ் முன்னாள் கொள்ளைக்காரர். ரப்பி, அதாவது மத குரு, யோஹனான் அவரைப் படிப்புக்கு இழுத்து, தன் தங்கையையும் கட்டிவைத்தார். ஒருநாள் கத்தி, வாள் பற்றிய சட்ட விவாதத்தில், "திருடனுக்குத் தன் தொழில் தெரியும்" என்று யோஹனான் குத்திவிட்டார். மனஸ்தாபம் முற்றியது. ரேஷ் லாகிஷ் படுத்த படுக்கையாகி இறந்தே போனார்.

யோஹனானைத் தேற்ற எலாசர் பென் பெதாத் என்ற நல்ல படிப்பாளியை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும், "உங்களுக்கு ஆதரவாக ஒரு பழைய பாடம் இருக்கிறது" என்றார் அவர். யோஹனானுக்குப் பொறுக்கவில்லை. ரேஷ் லாகிஷ் என் பேச்சுக்கு 24 ஆட்சேபணை சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அதில் விஷயம் தானாக விரியும்; நான் சொல்வது சரியென்று எனக்கே தெரியாதா, அதைச் சொல்ல நீ எதற்கு என்று வெடித்தார்.

அப்புறம், 1923-இல் ரப்பி மேயிர் ஷபீரா முன்வைத்த தாஃப் யோமி என்ற முறை: நாளுக்கு ஒரு தாள், சுமார் ஏழரை வருஷத்தில் முழுத் தல்மூத்தும் முடியும். வேலைக்குப் போகிறவர்களும் அதில் சேர்ந்து படிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஓட்டத்தில் 24 ஆட்சேபணைக்கு நேரம் ஏது? யெஷிவா எனப்படும் அந்த மதக் கல்விக்கூடங்களில் ஒரே தாளோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். என் ஓட்டு அவர்களுக்குத்தான்.